நமக்குச் சாதகமான ஒப்பந்தம்

குன்னூரில் வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த என் சின்ன அலுவலகத்தைப் பூட்டிச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்தபோது, இனி யார் வீட்டுக்கும் நான் பொறுப்பில்லை என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் போன் நிற்கவில்லை. விரிசலைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். ஒழுகும் கூரையை வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். இப்போது, புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் வேறு, "மேடம், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று பிடித்துக்கொண்டீர்கள். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் சைட்டுக்கு வா என்று யாரும் கூப்பிட முடியாது. எழுதத்தான் முடியும். சரி, எழுதுகிறேன்.

கம்பி, ஜல்லி, கலவை பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் என்னைச் சிமெண்டை விட அதிகம் களைப்பாக்கியது அதுதான்.

வீடு கட்டுகிறவர்களை நீங்களும் பார்ப்பீர்கள். டைல்ஸ் கடையில் அரை நாள் நிற்பார்கள். குளியலறைக் குழாய் வாங்கக் கோயம்புத்தூர் வரை போவார்கள். வீட்டையே எழுதி ஒப்படைக்கிற காகிதத்தை மட்டும் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பார்கள், கையெழுத்து அங்கேதானே. காண்ட்ராக்டரோடு சண்டை முற்றிய பிறகு அதே காகிதத்தை நாலாக மடித்துக் கொண்டுவந்து, "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்பார்கள். எனக்கு வருகிற கோபத்தில் எதிரே இருக்கிற டீயைக்கூடக் குடிக்க மாட்டேன். பிறகு படித்துத்தான் பார்ப்பேன், வேறு என்ன செய்ய?

நீங்கள் படிக்கும்போது உங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். நம் ஆளுக்கு இதில் எங்கே குழி வெட்டியிருக்கிறது? தேடத்தான் வேண்டும். அதற்குத்தான் நமக்குக் கூலி. ஆனால் நம் ஆளுக்கு ஒரு குழியும் இல்லாத ஒப்பந்தம் ஒன்று என் கைக்கு வந்தது. அதைப் போல என்னைத் திணறடித்த காகிதம் வேறில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட். அங்கே முத்தையா என்பவர் ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தார். அவர் மனைவி பாக்கியம் கொழுந்து பறித்தவர், முதுகு வலியால் முன்னதாகவே நின்றுவிட்டார். இருவரும் சிறுபிள்ளைகளாக இலங்கைத் தோட்டங்களிலிருந்து பெற்றவர்களோடு வந்தவர்கள். அன்றிலிருந்து எஸ்டேட் கொடுத்த லைன் வீடுதான், அவர்கள் பேச்சில் லயம். ஒரு அறை, ஒரு அடுப்படி. முத்தையாவுக்கு ஓய்வு பெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றால் அந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அதனால் பிடித்ததும் பிடிக்காததும் பார்க்காமல், ரோட்டுக்குக் கீழே சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார்கள். மொத்தச் சேமிப்பும் அதிலும், அதில் கட்டப் போகிற வீட்டிலும்தான்.

வரைபடம் போட என்னிடம் வந்தார்கள். ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. அதோடு இன்னொரு சின்ன அறை. அந்தச் சின்ன அறையில் பாக்கியம் பிடிவாதமாக இருந்தார். கட்டில் ஒன்று போட்டால் நடக்க இடமில்லாத அளவுதான். எதற்கு என்று கேட்டேன்.

"எம் மகளுக்கும்மா. மொதப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவால்ல" என்றார். "நான் லயத்துல சேலையக் குறுக்கால கட்டிப் புள்ளயப் பெத்தவ. அந்தப் பக்கம் மாமனார் இருமிக்கிட்டு இருக்காரு, இந்தப் பக்கம் நான் வாயில துணிய வச்சுக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். எம் மகளுக்குச் சாத்திக்க ஒரு கதவு இருக்கணும்."

அதன் பிறகு நான் அந்த அறையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வரைந்து கொடுத்தேன்.

மகள் சுகந்தி மேட்டுப்பாளையத்தில் நர்ஸ். அங்கேயே ஒரு பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். முதலில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு மெல்ல மெல்லச் சரியானது. பையனின் அப்பா ரங்கசாமி, கீழே சமவெளியில் காரமடைப் பக்கம் வீடுகள் கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர். நல்ல வேலைக்காரர், சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கும் என்று பேர். பாக்கியம் யோசித்தார். சம்பந்தியே வீடு கட்டுகிறவராக இருக்கும்போது வேலையை வெளியாளுக்குக் கொடுத்தால் ஒட்டிய உறவு மறுபடியும் விட்டுப்போகும். அவரிடமே கொடுத்தால் நன்றாக இறுகும். ரங்கசாமிக்கும் அதில் பெருமை. இப்படித்தான் அந்த வேலை அவர் கைக்குப் போனது.

ஒரு வாஸ்து நாளில் பூஜை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நாளில் நல்ல நேரம் என்பது கொஞ்ச நேரம்தான், அதற்குள் கல்லை வைத்துவிட வேண்டும். ரோட்டோரமாக இருந்த தட்டையான இடத்தில் பந்தல் மாதிரி ஒரு தார்ப்பாய். அதன் கீழே செங்கல், மஞ்சள், தேங்காய், பூசாரி. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெற்றிலைத் தட்டு இரண்டு. ஒன்றில் பழம், பாக்கு, வேட்டி சேலை. இன்னொன்றில் பழத்தோடு ஒப்பந்தமும் இருந்தது, மஞ்சள் தடவி, பூ வைத்து. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற மாதிரி மாற்றி, அந்த நேரத்திலேயே கையெழுத்துப் போடுவது என்று ஏற்பாடு. அதை ரங்கசாமி அன்று காலையில்தான் கீழேயிருந்து டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"அம்மா, நீங்களும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றார் பாக்கியம். "அதுக்கு முன்ன ஒருக்காப் பாத்துருங்க."

தட்டில் வைத்துப் பூவும் போட்ட பிறகு ஒரு காகிதத்தைப் படிப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மாப்பிள்ளையின் பல்லை எண்ணுவது போலத்தான். எல்லோர் கண்ணும் என் மேல். ரங்கசாமி சிரித்துக்கொண்டே, "பாருங்க, நல்லாப் பாருங்க. நம்முளுது ஒண்ணும் ஒளிவு மறைவு இல்லீங்க" என்றார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

அவர் சொன்னது உண்மை, ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. சமவெளியில் யாரோ ஒரு பெரிய பில்டர் தன் வாடிக்கையாளர்களுக்காக எழுதிவைத்த ஒப்பந்தம் அது. அதில் பெயரையும் அளவையும் மாற்றி அப்படியே டைப் அடித்திருந்தார்கள். அதில் ஒரு வரி. 'மனையை வீடு கட்டத் தகுந்த நிலைக்குக் கொண்டுவரும் வேலைகள் அனைத்தும் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. அதற்கான செலவு சதுர அடி விலையிலேயே அடங்கும்.'

காரமடையில் இந்த வரிக்கு என்ன அர்த்தம்? முள்ளை வெட்டி எடுத்து, மண்ணைச் சமன் செய்து, தண்ணீர் தெளிப்பது. அரை நாள் வேலை. எங்கள் மலையில் அதே வரிக்கு அர்த்தம் வேறு. சரிவை வெட்ட வேண்டும், அதற்கு இயந்திரம் வைக்க அனுமதி வாங்க வேண்டும், கிடைக்காவிட்டால் ஆள் வைத்து வெட்ட வேண்டும். வெட்டின மண்ணைக் கொட்ட இடம் தேட வேண்டும். பிறகு மேலே நிற்கிற மண்ணைப் பிடித்துவைக்கத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். இங்கே எல்லோரும் ரிவிட்மென்ட் என்கிற அந்தச் சுவர், சில இடங்களில் வீட்டைவிடப் பெரிய வேலை. அந்த நிலத்தில் அப்படித்தான். இன்னொரு வரி, குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் வாரா வாரம் தொகையில் பிடித்தம் என்றது. மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ரங்கசாமி நிலத்தை ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ரோட்டிலிருந்து பார்த்தால் அங்கே தேயிலைச் செடிதான் தெரியும், சரிவு தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

என் ஆள் பாக்கியம். என் ஆளுக்கு இது மாதிரி ஒரு ஒப்பந்தம் தேடினாலும் கிடைக்காது. சுவர் முழுவதும் இலவசம். நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் என் மேல் யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அப்படிச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்றுதான் இருந்தது. வேறொருவர் வீட்டு விசேஷத்தைக் கெடுக்கிற வேலை எனக்கு அப்போதே அலுத்துப்போயிருந்தது.

பாக்கியத்தைத் தனியாகத் தேயிலைச் செடிப் பக்கம் கூட்டிப் போனேன்.

"என்னம்மா, ஏதும் கோளாறா?"

"உங்களுக்கு ஒரு கோளாறும் இல்ல. அவருக்குத்தான்" என்று விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கவனமாகக் கேட்டார். "அப்ப அது எங்களுக்கு நல்லதுதானே?" என்றார்.

"செவுத்துக்கு ஆகுற செலவு, இந்த வேலையில அவருக்கு நிக்கிற லாபத்தைவிட ரொம்ப ஜாஸ்தி. பாதியில கை வறண்டுரும். அப்ப என்ன பண்ணுவாரு?"

"எழுதிக் குடுத்திருக்காரே. கட்டித்தானே ஆகணும்?"

"கேஸ் போட்டா நீங்கதான் ஜெயிப்பீங்க. ஆனா தீர்ப்பக் கையில வச்சுக்கிட்டு மழைக்கு ஒதுங்க முடியுமா? ஐப்பசி மழைக்கு வெட்டின மண்ணு, பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கிட்டு நிக்காது. லைன் வீட்டையும் விட்டுட்டு எங்க போவீங்க?"

அவர் ஒரு கொழுந்தைக் கிள்ளினார். கை தானாகச் செய்கிற வேலை அது. பிறகு சொன்னார்: "அவருகிட்ட சொன்னா செவுத்துக்கு நாங்க பணம் போடணும். எங்ககிட்ட இருக்கிறது இவ்வளவுதான்னு ஒங்களுக்குத் தெரியும். எது போகும்னும் ஒங்களுக்குத் தெரியும். அந்த ரூம்தான் போகும். சொல்லாதீங்கம்மா."

இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கூலி கொடுப்பவர் சொல்லாதே என்கிறார். அவர் விருப்பத்தை மீறி எதிர்த் தரப்பிடம் போய் ஊதுகிற உரிமை நமக்கில்லை. அப்படிச் செய்தால் அடுத்த முறை எவரும் நம்மை நம்பி ஒரு காகிதத்தைக் காட்ட மாட்டார்கள். அதே சமயம் இந்த வேலை பாதியில் நிற்கும் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் அதில் நம் பெயரை எழுதுவதா?

பூசாரி அங்கிருந்து, "நேரம் போயிட்டு இருக்கு" என்று குரல் கொடுத்தார்.

நான் பாக்கியத்திடம் சொன்னேன்: "நான் சொல்லலை. நீங்க வேண்டாம்னா என் வாயிலேருந்து வராது. ஆனா சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் போடலைன்னு அவரு கேட்டா, பொய் சொல்லவும் மாட்டேன். உங்ககிட்டயே கேட்டுக்கச் சொல்லுவேன்."

"நீங்க யாரு பக்கம்மா?" என்றார் பாக்கியம். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு வலித்தது. "ஒங்களுக்கு ஃபீஸ் குடுக்கிறது நாங்க."

"உங்க பக்கந்தான். அதனாலதான் போட மாட்டேங்கிறேன்."

இதற்குள் சுகந்தி எங்களைத் தேடி வந்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று செய்கிற முதல் காரியம் அது. அவள் முகத்தில் அந்தச் சந்தோஷமும், ஏதோ கெடப்போகிறது என்கிற பயமும் சேர்ந்தே இருந்தன. அம்மாவே அவளிடம் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினார், என்னைக் குற்றம் சொல்கிற தோரணையில்தான்.

சுகந்தி கேட்டு முடித்துவிட்டு, "மாமா ஏற்கெனவே ஒரு ஊட்டு வேலைல மாட்டிக்கிட்டு இருக்காரும்மா. யாருகிட்டயும் சொல்லல" என்றாள். "இதுலயும் போச்சுன்னா அந்த ஊட்ல தெனமும் யாரு பேச்சு வாங்குவா? ஒங்க அம்மா ஊட்டக் கட்டப் போயித்தான் இப்பிடி ஆச்சுன்னு என்னையத்தானே சொல்லுவாங்க?"

"அந்த ரூமே ஒனக்காகத்தான்டி."

"எனக்கு ரூம் வேணாம்மா. வந்தா ஹால்ல படுத்துக்கிறேன்."

"நீ படுத்துக்குவ. எனக்கு மனசு கேக்குமா?"

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மாதிரி நேரத்தில் நம் படிப்புக்கு ஒரு வேலையும் கிடையாது. பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த கொழுந்தை எறிந்துவிட்டு, நேராகப் பந்தலுக்குப் போனார். எல்லோர் முன்னாலும் இல்லாமல், ரங்கசாமியைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, இந்தப் பேப்பர்ல செவுத்து வேலையும் ஒங்க தலையிலதான் விழுதாம். அது பெரிய செலவாம். நீங்க அதச் சேக்காம வெல போட்டிருக்கீங்க. மாத்தி எழுதிக்கிருவோம்."

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். மனிதர்களைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. ரங்கசாமியின் முகம் இறுகிவிட்டது.

"ஏனுங்க, நான் ஊடு கட்டறதுக்குப் புதுசுங்களா?" என்று கேட்டார். அது பாக்கியத்துக்கு இல்லை, எனக்கு. "செவுத்தோட சேத்துக் கட்டித் தர்றேன்னா தர்றனுங்க. எழுதுனது எழுதுனதுதான். சம்பந்தி ஊட்டுல செவுத்துக்குத் தனியாக் காசு வாங்குனான்னு எனக்குப் பேரு வேண்டாமுங்க."

முதலில் ஒருவர் சொல்லாதே என்றார். இப்போது இன்னொருவர் மாற்றாதே என்கிறார். இரண்டு பேருமே ஒரே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. சதுர அடி, கன அடி என்று கணக்குச் சொல்லி வாதாடலாம். மானப் பிரச்சினையாகிவிட்ட ஒரு விஷயத்தில் கணக்கு ஏறாது. இதை நன்றாக மனதில் வையுங்கள். அப்போது வேண்டியது, அவர் தோற்காமல் உண்மையைக் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு வழி.

"அண்ணா, ஒரே ஒரு உதவி" என்றேன். "கீழ் எல்லைக் கல்லு சரியா இருக்குதான்னு எனக்குச் சந்தேகம். எங்கூட வந்து பாத்துச் சொல்லுங்க. கல்லு வைக்கறதுக்கு முன்னாடி பாத்தா நல்லது."

கல்லில் ஒரு சந்தேகமும் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கலாம். ஆனால் நல்ல காரியத்தின் போது எல்லைக் கல்லைப் பார்க்க மாட்டேன் என்று யாராலும் சொல்ல முடியாது. புது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என் பின்னால் இறங்கினார். செடிகளுக்கு நடுவில் பாதையென்று ஒன்றும் இல்லை, ஈர மண். எனக்கு அப்போது முழங்கால் இருந்தது. அவர் இரண்டு இடத்தில் வழுக்கிச் செடியைப் பிடித்துக்கொண்டார். அடியில் போய் எல்லைக் கல்லின் பக்கத்தில் நின்றோம்.

"கல்லு சரியாத்தான் இருக்குது" என்றேன். "இப்ப மேல பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். மேலே ரோடு. ரோட்டில் நின்ற சொந்தக்காரர்களின் கால்கள் எங்கள் தலைக்கு எவ்வளவோ மேலே இருந்தன. மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று அந்த வழியாகப் போனது. அதன் அடிப்பாகம் தெரிந்தது. ஒரு கட்டடக்காரரிடம் ஒரு உயரத்தை எதற்காக விளக்க வேண்டும்? அவர் கண் தானாக அளந்துகொண்டிருந்தது. எங்கே வெட்ட வேண்டும், எதுவரை வெட்ட வேண்டும், வெட்டினால் மேலே ரோட்டைச் சுமந்துகொண்டு நிற்பது என்ன என்று எல்லாம் அவர் முகத்தில் ஓடியது.

"இத்தன மண்ண எங்கீங்க கொண்டுபோய்க் கொட்டறது?" என்றார்.

"அதத்தான் அந்தப் பேப்பர்ல எழுதல."

செருப்பெல்லாம் செம்மண். வேட்டியின் கரை வரைக்கும் சேறு. அவர் ஒரு தேயிலைச் செடியின் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மருமகளுக்கு இது தெரியுங்களா?" என்று கேட்டார்.

"தெரியும். அதனாலதான் அவளுக்குன்னு போட்ட ரூமே வேண்டாம், வந்தா ஹால்ல படுத்துக்கிறேன்னு அவ அம்மாகிட்டச் சொல்லிட்டா. சம்பந்தியம்மா வந்து உங்ககிட்ட சொன்னதும் அதனாலதான்."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து நின்றார். ஏறும்போது பாதி வழியில் எனக்குக் கை கொடுத்தார். அது அவருக்கே ஒரு பிடிமானம்தான், எனக்கு உதவுவதாக மேலே நின்றவர்களுக்குத் தெரியட்டும் என்று. நானும் பிடித்துக்கொண்டேன்.

நல்ல நேரம் தீர இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பூசாரி முறைத்தார். நான் சொன்னேன்: நல்ல நேரம் கல்லுக்குத்தான் பார்த்தது. கல்லை வையுங்கள், தட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். எழுதுகிற வேலையை என் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் திருத்தம் இருக்கிறது. ரங்கசாமி யாரும் கேட்பதற்கு முன்னால், "ஆமாங்க, எல்லையில ஒரு சந்தேகம், நானே மாத்தி எழுதச் சொல்லிப்போட்டேன்" என்றார். தட்டிலிருந்த காகிதத்தை எடுத்துத் தானே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கல் வைக்கப்பட்டது. முத்தையா, இவ்வளவும் நடந்தது ஒன்றும் தெரியாமல், சந்தோஷமாகத் தேங்காய் உடைத்தார். பிறகு அவருக்கு எல்லாவற்றையும் சொன்னது பாக்கியம்தான். "செவுறு மொதல்ல வரட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

அந்த ஒப்பந்தத்தை என் மேஜையில் வைத்துப் புதிதாக எழுதினோம். தடுப்புச் சுவர் தனி வேலை, தனி விலை, அதுதான் முதலில். வெட்டுகிற மண் எங்கே போகும், யார் செலவில் போகும். ரோட்டிலிருந்து மணலும் கல்லும் தலைச்சுமையாக இறங்குவதற்குக் கூலி யாருடையது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களைத் தாமதத்தில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு வரியையும் நான் படிக்க, பாக்கியமும் ரங்கசாமியும் கேட்டு, தங்கள் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த வரிக்குப் போனேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். 'புரிஞ்சுதா' என்று கேட்டால் எல்லோரும் 'புரிஞ்சுது' என்பார்கள். 'என்ன புரிஞ்சுது, சொல்லுங்க' என்று கேளுங்கள். ஆள் சலித்துக்கொள்வார், பரவாயில்லை.

கடைசியில் வரைபடத்தை எடுத்து அந்தச் சின்ன அறையை அடித்தேன். பாக்கியம் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "சரி, போங்க" என்று மட்டும் சொன்னார். நான் வரைந்து நானே அடித்த அறைகளில் என் மனதை விட்டுப் போகாதது அதுதான்.

நீங்கள் இப்போது எதிர்பார்ப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் பேய்மழை பெய்து, பக்கத்தில் எல்லாம் சரிந்து, இந்தச் சுவர் மட்டும் நின்றது என்று நான் சொல்ல வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சாதாரண மழை பெய்தது. சுவர் சும்மா நின்றது. வீடு தொடங்குவதற்கு முன்னால் சுவர் மட்டும் எழும்பியதைப் பார்த்து, "கோட்டை கட்டறாங்களா?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் கேலி செய்தார்கள். இப்போது அதில் பாசி பிடித்திருக்கிறது. நாம் சரியாக வேலை செய்த இடத்தில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். இந்தத் தொழிலில் அதற்குப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். எனக்குக் கடைசி வரை முழுதாகப் பழகவில்லை.

வேலை இழுத்தடித்துத்தான் முடிந்தது. முத்தையா ஓய்வு பெற்று, லைன் வீட்டைக் காலி செய்து, தரை காய்ந்தும் காயாமலும் குடி வந்தார்கள். பாக்கியம் என்னை எங்கே பார்த்தாலும், "ஒங்க செவுத்துக்கு எங்க ரூமக் குடுத்தோம்" என்பார். கோத்தகிரி மார்க்கெட்டில் நாலு பேர் நடுவிலும் சொல்லியிருக்கிறார். நான் சிரித்துவிட்டுக் காய் வாங்குவேன்.

பிறகு சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடைசியாக நான் சரிவிறங்கிப் போன வீடு அதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே நுழைந்தால் ஹாலில் ஓரமாகப் பாய் போட்டு சுகந்தி படுத்திருந்தாள். அம்மாவின் முதுகு வலிக்குப் படுக்கையறைக் கட்டில் வேண்டும் என்று பிடிவாதமாக இங்கே வந்துவிட்டாளாம். அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். பாக்கியம் லைன் வீட்டில் கட்டினாரே, அதேதான். நான் எதைச் சாதித்தேன் என்று தோன்றிவிட்டது.

சேலைக்கு இந்தப் பக்கம் ரங்கசாமி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேத்தியைப் பார்க்கக் கீழேயிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பாக்கியம் பரிமாறிக்கொண்டே அவரை விரட்டினார், இன்னும் கொஞ்சம் போட்டுக்கிங்க சம்பந்தி, மேட்ட ஏறிப் போறதுக்குத் தெம்பு வேணாமா என்று. வீட்டைக் கட்டியவரும் கட்டச் சொன்னவரும், வேலை முடிந்த பிறகு ஒரே கூரைக்குக் கீழ் சோறு போட்டுச் சாப்பிட்டதை நான் அதற்கு முன் பார்த்தது மிகவும் குறைவு. பெரும்பாலும் என் அலுவலகத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

குழந்தை எங்கே என்று தேடினேன். ஹாலின் நடுவில் கூரையிலிருந்து தொட்டில் தொங்கியது. அண்ணாந்து பார்த்தேன். கான்கிரீட்டுக்குள்ளேயே தடித்த கம்பியை வளைத்து வைத்த கொக்கி. பிறகு துளை போட்டு மாட்டியது இல்லை, கூரை போட்ட அன்றே உள்ளே வைத்தது. சுகந்தி ஹாலில்தான் படுக்கப் போகிறாள் என்று தெரிந்து வைத்தது. அப்போது அவளுக்குக் குழந்தை என்ற பேச்சே இல்லை.

நான் பார்ப்பதைப் பாக்கியம் பார்த்துவிட்டார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அது சம்பந்தி வச்சது" என்றார். "ஒங்க பேப்பர்ல அது இல்லம்மா."

இல்லை என்றேன். ரங்கசாமி தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.